கறுப்பியும் சீனி வருத்தமும்

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே நாய் வளர்ப்போரைக் காண்பது அரிது. பூனைக்கு எங்கள் வீடுகளில் அடுக்களை வரை உரிமையுண்டு. ஆட்டுக்கும் கோழிக்கும் வளவில் இடமுண்டு. நாய்க்கோ படலைக்கு வெளியேதான் வாழ்வு. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள் நாயின் எச்சில் பட்டதை ஏழு முறை கழுவவேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். இந்தச் சிரமத்தை எண்ணியே பலர் அதனை அண்டவிடுவதில்லை. ஆயினும் பயிர்க்காவலுக்கும் மந்தைக்காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆகையால் ஊருக்குள் நாய் இல்லாவிடினும் எங்கள் வயல்வாடிகளில் நாய் உண்டு. பன்றிக்கும் யானைக்கும் நடுவே நெல்லைக் காப்பாற்ற வேண்டிய நாட்டிலே, குரைக்க ஒரு வாய் இல்லாமல் வேளாண்மை செய்ய இயலாது.

கறுப்பி அப்படித்தான் எங்களிடம் வந்தாள். 2012ஆம் ஆண்டு மாரிப்போகத்தின்போது, சம்மாந்துறைப் பக்கத்திலுள்ள எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர், சாக்கிலே சுற்றி ஒரு குட்டியைக் கொண்டுவந்து வாடியில் விட்டார். அவர் காரைதீவைச் சேர்ந்தவர். அவர் வைத்த பெயர்தான் கறுப்பி. ஒன்பது ஆண்டுகள் அவள் அந்த வாடியின் வாசலிலேயே கிடந்தாள். சூடடிக்கும் காலத்தில் இரவிரவாக நெற்குவியலைச் சுற்றி வருவாள். எனக்கும் அவளுக்குமிடையே இருந்த உறவு, சம்பளம் கொடுப்பவனுக்கும் ஊழியனுக்குமிடையே உள்ளதைப் போன்றதே. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் வாரத்துக்கு இருமுறை வயலுக்குப் போவேன்; அவள் வாலை ஆட்டுவாள்; அவ்வளவே.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விதைப்பு முடிந்திருந்த சமயம் அந்த முதியவர் என்னிடம், “சேர், இவள் தண்ணி குடிக்கிற குடி சரியில்ல. வாளியில ஊத்தி வெச்சா பொழுது படுறதுக்குள்ள முடிஞ்சிடுது. சோறும் ரெண்டு மடங்கு தின்றாள். ஆனா எலும்பு தெரியுது, பாருங்க” என்றார். நான் பார்த்தேன். முதுகெலும்பின் கணுக்களை எண்ணலாம்போல் இருந்தது. அவர் சொன்ன அடையாளங்கள் மூன்றையும் நான் முன்னரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். என் மனைவியைப் பற்றி வைத்தியரிடம் நானே சொன்ன அடையாளங்கள் அவை. “நாய்க்குமா சீனி வருத்தம் வரும்?” என்று முதியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளைப் பரிசோதித்த மிருக வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திலே பயின்ற இளைஞர். காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து, மனிதருக்குப் பயன்படுத்தும் அதே சிறு கருவியிலே வைத்தார். 432 என்று காட்டியது. ஆரோக்கியமான நாய்க்கு அது 80 முதல் 120 வரையில் இருக்கவேண்டுமாம். ஏறத்தாழ 200ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் சீனியை மறித்து வைத்திருக்க முடியாது, அது சிறுநீரோடு வெளியேறும், வெளியேறும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும், ஆகவே தாகம். உடலின் கலங்களுக்குள் சீனி புகாததால், இரத்தத்தில் உணவு நிரம்பி வழிய, உடல் பட்டினி கிடக்கும். ஆகவே பசியும் மெலிவும். வைத்தியர் இதனை விளக்கிய முறை நன்றாயிருந்தது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் திறப்புத் தொலைந்த வீட்டுக்காரனின் கதைதான் இது என்றார். அந்தத் திறப்புக்குப் பெயர் இன்சுலின். வயிற்றுக்குள் சதையி என்னும் உறுப்பிலே சுரக்கும் ஓமோன்.

மனிதரில் பெரும்பாலோருக்கு வரும் நீரிழிவை உணவாலும் மாத்திரையாலும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். நாய்க்கு வருவது அப்படியன்று. ஏறக்குறைய எல்லா நாய்களுக்கும் ஊசியே வேண்டும். அதுவும் ஆயுள் முழுவதும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. இன்னுமொன்றும் சொன்னார். கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களில், பருவம் கழிந்தபின் மிகும் இன்னொரு ஓமோன் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். ஆகையால் சத்திர சிகிச்சை செய்து சூலகங்களை அகற்றாவிட்டால் ஊசி போட்டும் பயன் குறைவு. சிகிச்சை வேண்டாமென்றால் வேதனையில்லாமல் முடித்துவிடவும் வழியுண்டு என்று, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் கூறினார். சிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் இரண்டொரு வருடந்தான் என்பதையும் மறைக்கவில்லை.

ஒன்பது வருடம் காவல் செய்த ஊழியனை நோய் வந்ததும் கைவிடும் முதலாளியைப் பற்றி வகுப்பறையிலே எத்தனை முறை கடுமையாகப் பேசியிருப்பேன்! ஆகவே ஊசி என்று முடிவாயிற்று. ஆனால் வாடியிலே மின்சாரம் இல்லை, குளிரூட்டி இல்லை, முதியவருக்குக் கண்பார்வை போதாது. நாயை ஊருக்குக் கொண்டுவந்தால்தான் காரியம் நடக்கும்.

இங்கே வாசகர்களுக்கு எங்கள் பகுதியின் வழமையொன்றைக் கூறவேண்டும். கீழ்க்கரையிலே வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவிலே சிறியதொரு வீடு கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். கல்முனைக்குடியில் நாங்கள் இருப்பதும் அவ்வாறே. எனவே ஒரு நாயைக் கொண்டுவர நான் மகளிடமும் மருமகனிடமும் அனுமதி கேட்க வேண்டியவனானேன். மருமகன் நல்லவர், கிணற்றடிக்கு அப்பால், மதிலோரம் என்றால் சரி என்றார். மகள் பிள்ளைகளை நினைத்துப் பயந்தாள். என் ராத்தா செய்தி கேட்டு அன்றைக்கே வந்து, “எழுபது வயசுல உனக்கு நாய் வளர்க்கிற ஆசையா? தொழுற வீடு தம்பி இது” என்று கண்டித்துவிட்டுப் போனார்.

நான் எங்கள் மௌலவியிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. பயிருக்குக் காவலிருந்த நாய், இப்போது நோயாளி; வீட்டுக்குள் எடுக்கவேண்டாம், எச்சிலில் பேணுதலாயிருங்கள், மருந்து கொடுங்கள் என்றார். தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலணியிலே நீர் மொண்டு கொடுத்த மனிதனின் செய்தியை அறியாதவர் எங்களில் யாருமில்லையே என்றும் சொன்னார். தாகம் என்ற சொல் எனக்கு அன்று வேறு விதமாகக் கேட்டது.

மனைவியின் எதிர்ப்புத்தான் நியாயமானது. அவள் பதினொரு வருடமாக இன்சுலின் போடுகிறவள். “எனக்குப் போடுற மருந்தை நாய்க்கும் போடப்போறீங்களா?” என்று கேட்டாள். கோபத்தைவிட அந்தக் குரலில் ஏதோ அவமானம் இருந்தது. நான் அப்போது அவளுக்குச் சொன்ன கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்கும் பயன்படும்.

1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலே மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இரு வைத்தியர்கள் ஒரு நாயின் சதையியை அகற்றினார்கள். அந்த நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தால் அதிலே சீனி. நீரிழிவுக்கும் சதையிக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்கு 32 ஆண்டுகளின் பின், 1921ஆம் ஆண்டுக் கோடையிலே, கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் மக்லியொட் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்திலே, பான்டிங் என்ற சத்திர வைத்தியரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்து, சதையி இழந்த நாய்களுக்கு ஏற்றினார்கள். இரத்தத்திலே சீனி இறங்கியது. மார்ஜரி என்று பெயரிடப்பட்ட ஒரு நாய் அந்தச் சாற்றினாலேயே ஏறத்தாழ 70 நாட்கள் உயிரோடிருந்தது. அச்சாற்றைக் கொலிப் என்ற இரசாயன அறிஞர் தூய்மைப்படுத்திக் கொடுக்க, 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. சாகக் கிடந்த அந்தப் பிள்ளை அதன் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அடுத்த ஆண்டே பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாய்களுக்கு என்ன கிடைத்தது என்று நான் மனைவியைக் கேட்டேன். “உன் மருந்தை நாய்க்குக் கொடுக்கவில்லை, நாயின் மருந்தைத்தான் நீ போட்டுக்கொண்டிருக்கிறாய்” என்றேன். ஆசிரியத் தொழிலில் கற்ற வாதத்திறமை! அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமைப்பில் ஒன்றே; ஓர் அமினோ அமிலங்கூட வேறுபடாது. மனிதனுடையதற்கும் பன்றியுடையதற்கும் ஒன்றே ஒன்று வித்தியாசம். ஆகவே நாய்களுக்கென்று விற்கப்படும் இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைக் கேட்டதும் நான் தயங்கியதை வைத்தியர் கவனித்துவிட்டார். மனித இன்சுலினையே நாய்க்கும் போடலாம், அதுதான் இங்கே எளிதில் கிடைக்கும் என்றார். அந்த மனித இன்சுலின் 1982ஆம் ஆண்டிலிருந்து பற்றீரியாக்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு விற்பனையாகிறது. என் சங்கடம் பற்றீரியாவின் தயவால் தீர்ந்தது. ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொன்னார்: நாய் மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு, மனித மருந்தில் 100 அலகு, ஒன்றுக்குரிய சிறிஞ்சரை மற்றதற்குப் பயன்படுத்தினால் ஆபத்து.

சத்திர சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. 14 கிலோ நிறையுள்ள அவளுக்கு நாலு அலகில் தொடங்கி, சோதித்துச் சோதித்து, வைத்தியர் ஆறு அலகில் நிறுத்தினார். நேரத்தை எப்படி வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய யோசனையாயிற்று. மாலை ஆறு மணியென்றால் மஃரிபோடு மோதும். ஆகவே காலையிலே சுபஹுத் தொழுகை முடிந்து ஐந்தரை. மாலையிலே அஸருக்குப் பின் ஐந்தரை. முதலில் சோறு, அளந்த நாட்டரிசிச் சோறும், முள் நீக்கிய மீனும், அவித்த பூசணியும், தின்று முடித்த பிறகுதான் ஊசி. தின்னாத நாய்க்கு முழு அளவு போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கித் தள்ளாடும், வலிப்பும் வரும். அப்படி நேர்ந்தால் முரசிலே தேன் தடவவேண்டுமென்று ஒரு சிறு போத்தல் தேன் எப்போதும் மதிலின் மேல் இருந்தது. குப்பியைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டவேண்டும். பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியை ஏற்றினால் அவளுக்குத் தெரியவே தெரியாது. கிணற்றடியில் ஒரு வாளியிலே நல்ல செம்மண் வைத்திருந்தேன். அவள் நக்கிவிட்டால் கையை ஏழு முறை கழுவுவேன். முதல் வாரம் அது பெரிய வேலையாகத் தோன்றியது. பிறகு வைரஸைப் பற்றி உலகம் முழுவதும் கைகழுவச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலே, எனக்கு அது விசேஷமாகவே படவில்லை.

ஒரு மாதத்தில் தண்ணீர் குடிப்பது பாதியாகக் குறைந்தது. எலும்புகள் மறைந்தன. இரவிலே மதிற்பக்கம் யாரும் நடந்தால் குரைக்கத் தொடங்கினாள். ராத்தாவின் வீட்டிலே தேங்காய் களவு போன வாரம், எங்கள் வளவில் ஒன்றுங்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு ராத்தா அதிகம் பேசவில்லை.

பின்பு 2022ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டை இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்நியச் செலாவணி அற்றுப்போய், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம். மார்ச் மாதக் கடைசியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. நோன்பு தொடங்கியதும் அந்நாட்களில்தான். இன்சுலின் குப்பிகளைக் குளிரூட்டியில் வைத்தும் வைக்காததும் ஒன்றாயிற்று. மருமகன் இரண்டு மண்சட்டிகளை வாங்கிவந்து, பெரியதற்குள் சிறியதை வைத்து, இடையிலே கடல் மணலை நிரப்பி நீர் ஊற்றினார். மேலே ஈரச்சாக்கு. நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். எங்கள் கரையின் ஈரக்காற்றிலே அது அவ்வளவாகக் குளிரவில்லை. கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் சட்டி தன் குணத்தைக் காட்டியது. என்றாலும் வெயிலின் கொடுமையிலிருந்து மருந்தைக் காத்தது.

மருந்துத் தட்டுப்பாடு அதைவிடப் பெரிய கவலை. மனைவிக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்த இன்சுலின் ஒரு தவணை கிடைக்கவில்லை. வெளியே வாங்கும்படி சொன்னார்கள். ஒரு நாள் முழுவதும் சைக்கிளில் அலைந்து ஒரேயொரு குப்பி வாங்கிவந்தேன். விலை முந்தியதன் இரு மடங்குக்கு மேல். அன்றிரவு குப்பி விளக்கின் ஒளியிலே கணக்குப் போட்டேன். குப்பியிலே 1000 அலகு. மனைவிக்கு நாளொன்றுக்கு 40 அலகு. 25 நாள் போதும். கறுப்பிக்கு 12 அலகு. இருவருக்கும் போட்டால் 19 நாளில் தீர்ந்துவிடும். ஆறு நாள் வித்தியாசம். அடுத்த குப்பி எப்போது கிடைக்கும் என்று சொல்ல யாருமில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மனிதருக்குப் பிறகுதான் மிருகம். மறுநாள் காலை தொடக்கம் நாய்க்கு ஊசியில்லை. அந்த நியாயம் தவறென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. எந்தச் சபையிலும் எடுத்துரைப்பேன். ஊசி நின்றால் கறுப்பியின் கதை முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. கணக்கெழுதிய தாளை மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்கு ஆறு நாள் குறையும். அதுக்குள்ள நீங்களும் மருமகனும் ஓடித் திரிஞ்சு எப்படியும் தேடுவீங்க. எனக்குத் தேட ஆள் இருக்கு. அதுக்கு ஆரு தேடுவா?” என்றாள். சிறிது நேரம் கழித்து, “அந்த ரொறன்ரோ நாயின்ட பேர் என்ன?” என்று கேட்டாள். சொன்னேன். “அது எழுபது நாள் கிடந்து பட்டதுதானே நான் பதினொரு வருஷம் சோறு தின்றது. போடுங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நான் வாதாடினேன். மகளையும் கூப்பிட்டேன். பலனில்லை. மறுநாள் சஹருக்குப் பின் தனக்குரிய அளவை எடுத்த கையோடு, வேறொரு புதிய சிறிஞ்சரிலே ஆறு அலகு உறிஞ்சி என்னிடம் நீட்டினாள். அவளுக்கு நோன்பு வைத்தியரால் விலக்கப்பட்டிருந்தது. என்றாலும் சஹருக்கு எழும்புவதை அவள் விடுவதில்லை. அன்று முதல் கறுப்பியின் மருந்தை அளக்கும் வேலை அவளுடையதாயிற்று. நாயின் அருகே அவள் ஒருபோதும் போனதில்லை, தொட்டதுமில்லை. யன்னலண்டை நின்று, “தின்டாளா?” என்று மட்டும் கேட்பாள்.

பதினாறாம் நாள் மருமகன் மட்டக்களப்பிலிருந்து இரண்டு குப்பிகள் கொண்டுவந்தார். எண்ணெய் இல்லாத அந்நாளில் அவர் போய்வந்த விதத்தை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும்.

அந்த வருடக் கடைசிக்குள் கறுப்பியின் இரு கண்களிலும் வெள்ளை படர்ந்தது. நீரிழிவுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஊசி போட்டாலும், இது நேர்கிறது. கண்வில்லைக்குள் மிகும் சீனி வேறொரு பொருளாக மாறி நீரை இழுத்து, வில்லையை மங்கச் செய்துவிடுமாம். பார்வை போனதே தவிர அவள் துயரப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வளவிலே எந்தப் பொருளையும் இடம் மாற்றவேண்டாமென்று வைத்தியர் சொன்னார். பேரப்பிள்ளைகள் அதை ஒரு சட்டமாகவே நடத்தினார்கள். சைக்கிளை வழியில் சாய்த்துவைத்த என்னைப் பேரன், “மூத்தப்பா, கறுப்பி மோதுவாள்” என்று அதட்டியதுமுண்டு. மூக்கே அவளுக்குக் கண்ணாயிற்று. மாலை ஐந்தேகாலுக்கு அவள் எழுந்து நிற்பாள். மீன் அவியும் மணத்துக்கா, அஸருக்குப் பின் பள்ளியிலிருந்து திரும்பும் என் செருப்பின் ஓசைக்கா என்பதைப் பிரித்தறிய முடியவில்லை.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அவள் உணவைத் தொடாமல் விட்டாள். சிறுநீரகம் செயலிழக்கிறது என்றார் வைத்தியர். மூன்று நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் காரைதீவு முதியவருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து அவளுடைய தலையைத் தடவியபோது வால் ஒருமுறை அசைந்தது. அன்றிரவே முடிந்தது. முச்சக்கர வண்டியொன்றிலே சாக்கில் சுற்றி வயலுக்குக் கொண்டுபோய், வாடிக்குப் பின்னாலுள்ள மருதமரத்தின் கீழே புதைத்தோம். சிறுபோக அறுவடை முடிந்து வட்டை வெறுமையாகக் கிடந்தது.

வீடு திரும்பியபோது மனைவி மண்சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உடைக்கப்படாத சிறிஞ்சர்கள் பதினாலு மீதியிருந்தன. அவற்றை எண்ணி எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்தாள். ஏழு நாளைக்குக் காணும் என்றாள்.